மூவாயிரம் நாய்களும் ஏறக்குறைய சேரும்

அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்திருந்தவர்கள்: கொழுந்தெடுக்கப் போக வேண்டிய பெண்கள் எல்லாரும், பெயர் பதிய வந்த கணக்கப்பிள்ளை, அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பெரிய கங்காணி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள், என் அம்மா, இவர்களில் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் கையிலிருந்த கணக்கு அட்டையையே பார்த்துக்கொண்டு நான். வராதவர்கள்: முந்தின வாரம் நாங்கள் காதில் ஊதா மருந்து தடவிவிட்ட அறுபது நாய்களில் ஐம்பத்தொன்பது.

கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவர்கள் இந்த நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரே வாரத்தில் ஒரு தோட்டத்தையே தன் ஆராய்ச்சிக்கு எதிராக ஒற்றுமைப்படுத்தியவர் ஒருவர்தான். தொழிற்சங்கங்கள் எத்தனையோ வருஷமாக முயன்றும் முடியாததை எங்கள் ஏறக்குறைய சேர் ஒரு போத்தல் ஊதா மருந்தில் முடித்துக் காட்டினார்.

அவருக்கு வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; ஊருக்கு அவர் 'ஏறக்குறைய' சேர்தான். வனவிலங்குகளின் தொகையைக் கணிக்கும் புள்ளிவிபர முறைகள் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காட்டில் எத்தனை சிறுத்தை இருக்கிறது என்று எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாது அல்லவா? கொஞ்சத்தைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்க வேண்டும். அப்படிக் கணிக்கும்போது 'இத்தனை' என்று சொல்லக் கூடாது, 'இதற்கும் இதற்கும் இடையில்' என்றுதான் சொல்ல வேண்டும். அது காட்டுக்குச் சரி. சேர் அதை வீட்டுக்கும் கடைக்கும் கொண்டு வந்துவிட்டார்.

"தம்பிக்கு எத்தனை கரண்டி சீனி?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் இடையிலங்கம்மா" என்பார்.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?"

"குறைஞ்சது மூணு பேருங்க."

இந்தப் பதில் ஹட்டன் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த அவருடைய அப்பாவின் காதுக்குப் போய், முதலாளி ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. மகனைக் கல்லாவில் உட்கார வைத்துப் பார்க்கும் ஆசையும் அந்தக் கடையில்தான் செத்தது. ஒரு நாள் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஒருவர் வந்து ஆணி கிலோ என்ன விலை என்று கேட்டிருக்கிறார். சேர் யோசித்துவிட்டு, "அஞ்ஞூறுக்கும் அறுநூத்தம்பதுக்கும் இடையில இருக்கும்ங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வீதம் நம்பலாம்" என்றாராம்.

"அந்த மிச்ச அஞ்சு வீதத்துக்கு உங்கப்பா வந்ததும் வாறேன்" என்று அந்த மனிதர் போய்விட்டார்.

ஆனாலும் முதலாளி விடவில்லை. பட்டத்துக்குக் கொடுத்த காலம் முடிந்து, இரண்டு தடவை நீட்டியும் முடிந்து, பல்கலைக்கழகம் மூன்றாவதாக, கடைசியாக ஒரு வருஷம் கொடுத்திருந்தது. முதலாளி அதன் மேல் தன் முத்திரையையும் குத்தினார். "அதுக்குள்ள முடிச்சா நீ கலாநிதி. முடிக்கலைன்னா கல்லா. நடுவுல ஒண்ணும் கிடையாது." இடையில் ஏதாவது இருந்தே ஆக வேண்டிய மனிதருக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை இருக்க முடியாது.

அந்தக் கடைசி வருஷத்தில்தான் நான் அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவனே நான்தான் முதல், பட்டம் வாங்கியதும் நான்தான். வேலை தேடிக்கொண்டிருந்தபோது இது கிடைத்தது. அம்மா தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், "தம்பி ஆராய்ச்சி பண்ணுது" என்று சொல்லிவிட்டார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம், "பெரிய ஆராய்ச்சி" என்றார். ஊர் பார்த்தது என்னவென்றால், அந்தப் பெரிய ஆராய்ச்சிக்காரன் ஒரு நெட்டை மனிதருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு, அவர் குனிந்து சிறுத்தைச் சாணத்தை முகரும்போதெல்லாம் நிழலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதைத்தான்.

சாணம் என்றதும் பஸ் ஞாபகம் வருகிறது. சேர் சேகரித்ததைச் சாப்பாட்டு டப்பாவில்தான் வைப்பார். மூடி இறுக்கமாக இருக்கும் என்பது காரணம். ஒரு நாள் கொட்டகலை பஸ்ஸில், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்து இப்போது டீச்சராக இருக்கும் ஒருத்தி எங்களுக்கு முன் சீட்டில். பஸ் வளைவில் சாய்ந்ததும் டப்பா உருண்டு போய் அவள் காலடியில் நின்றது. நல்ல பிள்ளை, எடுத்துத் துடைத்து நீட்டினாள்.

"சாப்பாடா? சூடா இருக்கே."

"வெயில்ல வச்சிருந்தோம்ங்க," என்றார் சேர். "ரெண்டு நாளைக்கு முந்தி போனது. ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில."

"போனதா? எங்க போனது?"

அவர் விளக்கினார். அவர் எதையும் அரைகுறையாக விளக்க மாட்டார். முடி, எலும்புத் துண்டு, ஜீரணமாகாத நகம் வரைக்கும் வந்தார். பஸ்ஸே கேட்டது. அந்தப் பிள்ளை அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டாள். அவள் பள்ளிக்கூடம் அதற்கும் நாலு தரிப்பிடம் தள்ளி. நான் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தேன். அவ்வளவு கவனமாகத் தேயிலையை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

இனி நாய்கள். தோட்டத்துக்கு மேலிருக்கும் காட்டில் சேர் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருந்தார். சிறுத்தையின் உடம்புப் புள்ளி ஒன்றுக்கொன்று மாறும், படத்தைப் பார்த்தே இது இன்னார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேமராக்களில் சிறுத்தையைவிட அதிகமாக விழுந்தவர் எங்கள் பெரிய கங்காணி. அனுமதியில்லாமல் விறகு வெட்டப் போன அவருடைய இடப்பக்கமும் வலப்பக்கமும் தலைச்சுமையோடு சேரிடம் இருந்தன. சிறுத்தை சொற்பம். பட்டத்தைப் பரிசீலிப்பவர்கள் எழுதிவிட்டார்கள்: உன் கணக்கு முறை சரிதானா என்று முதலில் நிறைய இருக்கிற ஒரு விலங்கில் செய்து காட்டு.

தோட்டத்தில் நிறைய இருப்பது இரண்டு. இரத்தம் குடிக்கும் அட்டைக்கு அடையாளம் போட முடியாது. ஆகவே நாய்.

முறை சுலபம். ஒரு நாள் அகப்பட்ட நாய்க்கெல்லாம் அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய், கண்ணில் படுகிற நாய்களை எண்ண வேண்டும். பார்த்ததில் பாதிக்கு அடையாளம் இருந்தால், நாம் அடையாளம் வைத்தது மொத்தத்தில் பாதி என்று அர்த்தம். அறுபதுக்கு வைத்திருந்தால் மொத்தம் நூற்றிருபது.

நானும் சேரும் நீண்ட கம்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் தோய்த்து, ஒரு கையால் பிஸ்கட் காட்டி மறு கையால் காதில் ஒற்றினோம். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுக்காத வேலை அது. லயத்து வாசல்களில் நின்றவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், சேரை அல்ல.

"என்ன தம்பி, பட்டம் வாங்கிட்டு வந்து நாய்க்குப் பொட்டு வைக்கிறீங்களா?"

"பாத்துடா, நம்ம டைகருக்குப் பட்டம் குடுத்துராதே. பெறகு வீட்டுல குந்தி வேல தேடும்."

அம்மா வாசலில் இல்லை. உள்ளே போயிருந்தார்.

நாங்கள் போன பிறகு ஊர் யோசித்தது. ஊதா மருந்து புண்ணுக்கு. காதில் ஊதா என்றால் அந்த நாய்க்கு நோய். நோய் என்றால் டவுனிலிருந்து வண்டி வரும். வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இதை யார் கோர்த்தார்களோ, ஒரு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணப் போன அன்று தெருவில் ஐம்பது நாய் நின்றது. நாற்பத்தொன்பதுக்குக் காது சுத்தமாக இருந்தது. ஊதாக் காதோடு வந்தது பெரட்டுக் களத்திலேயே படுத்துக் கிடக்கும், வீடில்லாத ஒரு நொண்டி நாய் மட்டும்.

மிச்சம் எங்கே? ஒவ்வொரு லயத்துக்குள்ளும் ரேடியோ அலறியது. அதையும் மீறிச் சத்தம் வந்தது.

"அக்கா, உள்ள யாரு குரைக்கிறது?" என்றேன் பார்வதி அக்காவிடம். எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

"மாமியாருக்கு இருமல் தம்பி."

"வாலும் தெரியுதேக்கா."

"வயசாயிருச்சுல்ல," என்று கதவைச் சாத்தினார்.

அன்று பெரட்டுக் களத்தில் நின்றபடியே சேர் கணக்குப் போட்டார். பார்த்த ஐம்பதில் ஒன்றுக்குத்தான் அடையாளம் என்றால், நாம் வைத்த அறுபது மொத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசனில் மட்டும் மூவாயிரம் நாய்கள். வீட்டுக்கு இருபத்தாறு, மேலே சில்லறை.

"சேர்," என்றேன், "யாருக்குத் தெரியப் போகுது. நூத்தி நாப்பதுன்னு போட்டுருங்க. நம்மளுக்கே தெரியும் அவ்வளவுதான் இருக்கும்னு."

ஊர் மேலிருந்த கோபத்தில் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு எதுவும் விளங்காது, இவர்களுக்கு நடுவில் பிறந்து தொலைத்தேனே என்ற கோபம். சேர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

"தம்பி, மூவாயிரம்ங்கிறது பிழை. பிழையை நான் போய் எல்லாருக்கும் முன்னால சொல்லலாம். நூத்தி நாப்பதுங்கிறது பொய். அதைச் சொல்ல எனக்கு ஏலாது."

மூவாயிரத்தை எழுதினார். இடையில் எவ்வளவு என்பதையும் எழுதினார். அந்த 'இடையில்' அறுநூறிலிருந்து கிட்டத்தட்ட முடிவிலி வரைக்கும் நீண்டது.

இரண்டாவது தடவைக்கு முந்தின நாள் பெரிய கங்காணி உதவிக்கு வந்தார். தன் விறகுப் படங்கள் யாரிடம் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். பெரட்டில் குரலை உயர்த்தி அறிவித்தார்: "ஊதாக் காது நாயை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கொண்டு வந்து காட்டுனா பிஸ்கட் குடுப்பாங்க."

கொடுப்பதாக நாங்கள் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்த நாள் எண்பத்தெட்டு நாய்கள் வந்தன. எண்பத்தெட்டுக்கும் காது ஊதா. கூடவே இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, அவற்றுக்கும் ஊதா. கிட்டப் போய்ப் பார்த்தேன். மரக்கறித் தோட்டத்தில் அந்தப் போகம் பீட்ரூட் நன்றாக விளைந்திருந்தது.

சேர் அட்டையைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார். பார்த்தது எல்லாவற்றுக்கும் அடையாளம் இருந்தால், அடையாளம் வைத்ததுதான் மொத்தம். அதாவது அறுபது.

"சேர், கண்ணு முன்னால எம்பத்தெட்டு நிக்குது."

"கணக்குப்படி அதுல இருவத்தெட்டு இல்லை தம்பி," என்றார் மெதுவாக. பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்த நெட்டை மனிதர் நாய்களுக்கு நடுவில் தரையில் குந்தியிருந்ததைப் பார்த்தபோது கல்லாப்பெட்டி எனக்கே தெரிந்தது. வருஷம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது. பீட்ரூட் காதோடு ஒரு குட்டி வந்து அவர் மடியில் ஏறிப் படுத்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தவர் திடீரென்று அதன் முதுகைப் பார்த்தார். வெள்ளையில் கறுப்புத் திட்டு. இன்னொன்றைப் பார்த்தார். அதற்கு வேறு திட்டு.

"நம்ம எதுக்குத் தம்பி இதுகளுக்கு அடையாளம் வச்சோம்? சிறுத்தைக்கு வைக்கலையே."

மூன்றாவது தடவை படம். இரண்டு சுற்று. ஒவ்வொரு நாய்க்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. முதல் சுற்றில் இடப்பக்கம் மட்டும் அகப்பட்ட நாயும் அடுத்த சுற்றில் வலப்பக்கம் மட்டும் அகப்பட்ட நாயும் ஒன்றா இரண்டா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதை நான் வீடு வீடாகப் போய் விளக்கினேன். விளங்கியது. ஆனால் பார்வதி அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"நாய மட்டும் எடுப்பீங்க. அப்ப நாங்க ஆளு இல்லையா?"

சேர் உடனே சொல்லிவிட்டார். "நீங்களும் நில்லுங்க. எல்லா வீட்டுக்கும் ஒரு பிரிண்ட் தாறேன்."

அதன் பிறகு நடந்தது ஆராய்ச்சி அல்ல, திருவிழா. தீபாவளிச் சேலைகள் வெளியே வந்தன. நாய்களைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டார்கள். இடப்பக்கம் என்று சொன்னால் நாயோடு குடும்பமே இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் என்றால் மொத்தமாக வலப்பக்கம். நாய் இல்லாத வீட்டார் பக்கத்து வீட்டு டைகரை இரவல் வாங்கி நின்றார்கள், ஐந்து குடும்பத்தோடு ஒரே டைகர். "விடுங்க தம்பி, திட்டு ஒண்ணுதானே, திரும்பத் திரும்ப அகப்படுறது நமக்கு நல்லது" என்று சேர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார்.

எங்கள் லயத்தின் முறையும் வந்தது. அதுவரை நான் அவரை எங்கள் வீட்டுக்குள் கூட்டிப் போனதே இல்லை. தேத்தண்ணி என்றால் வாசலில், மழை என்றால் கோயிலில். அம்மா தன் ஒரே பட்டுச் சேலையில், எங்கள் நாய் மணியைக் கழுத்துப் பட்டியோடு பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் தகரம் வைத்து அடைத்த ஜன்னல். பக்கத்தில் என்னோடு படித்த பயல்கள் இரண்டு பேர்.

"தம்பி, நீயும் வந்து நில்லு."

"நான் வேலையில இருக்கேம்மா."

"அஞ்சு நிமிசம்தானே, ராசா."

"நீங்க திரும்புங்கம்மா. இடப்பக்கம்."

அம்மா திரும்பினார். மணி திரும்பியது. நான் அட்டையில் எண்ணை எழுதினேன். இருபத்தேழு.

பரிசீலனை நாளில் மடிக்கணினியைத் தட்டுவதற்கு நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பின் வரிசையில் முதலாளி, கோயிலுக்கு உடுத்தும் வேட்டியில். ஆங்கிலத்தில் பேசியது அவருக்கு எவ்வளவு விளங்கியதோ, திரையில் நாய் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சேர் மறைக்கவில்லை. மூவாயிரத்தைச் சொன்னார், அறுபதைச் சொன்னார், பீட்ரூட்டையும் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு நடுவில் இருந்த பேராசிரியை அம்மா கேட்டார்: "பிழையாகிப் போன இரண்டையும் ஏன் ஆய்வில் வைத்திருக்கிறீர்கள்? விட்டிருக்கலாமே."

"அதுதான் என் ஆய்வே," என்றார் சேர். "ஒரு தடவை பிடிபட்டுப் பயந்த சிறுத்தை அடுத்த தடவை கேமரா பக்கம் வராது. இரை வைத்துப் பழக்கினது திரும்பத் திரும்ப வரும். அது எவ்வளவு பிழையைக் கொண்டு வரும், எப்படித் திருத்தலாம் என்று காட்டில் அளக்க வழியில்லை. இந்த மக்கள் எனக்கு அளந்து காட்டினார்கள். அவர்கள் நாயை ஒளித்தது அறியாமையால் இல்லை. பயப்பட அவர்களிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்காமல் எண்ணப் போனது என் பிழை. அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது."

நாலு மாதமாக எங்கள் ஊரை நினைத்து நான் தலை குனிந்து நடந்திருக்கிறேன். அவர் ஒரு தடவை கூட அப்படி நடக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த படம் இருபத்தேழு. தகர ஜன்னல், பட்டுச் சேலை, மணி.

"இது யார்?" என்றார் பேராசிரியை.

சேருக்குத் தெரியும். என்னைப் பார்க்காமலே சொன்னார், "இருபத்தேழாம் நாயின் வீட்டுக்காரர்."

அதோடு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். என் விரல் பொத்தானின் மேலேதான் இருந்தது.

"எங்க அம்மா," என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். காது சுட்டது.

"ஏன் அப்படித் திரும்பி நிற்கிறார்?"

"நாய்க்குத் துணையா நிக்கிறாங்க," என்றேன். அவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் டிவிசனில் நூற்றிருபத்தொன்பதுக்கும் நூற்றைம்பத்திரண்டுக்கும் இடையில் நாய்கள் இருப்பதாக முடிவாகி, சில திருத்தங்களோடு பட்டமும் முடிவானது. வெளியே வந்ததும் முதலாளி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "கலாநிதி ஆகிட்டே, சரி. ஆணி என்ன விலைன்னு இப்பவாவது தெரியுமா?" சேர் வாயைத் திறக்குமுன், "வேணாம், வேணாம்" என்று நடந்துவிட்டார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர் சொல்லிக்கொண்டு போக வந்தார். வடக்குப் பக்கம் யானை எண்ணும் வேலை கிடைத்திருந்தது. நான் அவரை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே எங்கள் ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார், முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. அம்மாதான் கவனித்தார்.

"இத்தனை பேரைப் படம் புடிச்சீங்களே, நீங்க ஒண்ணுலயும் இல்லையே."

கேமராவை வாசலில் நின்ற பெரிய கங்காணி வாங்கிக்கொண்டார். அம்மா, சேர், மணி, மணியின் வால் பக்கம் நான்.

ஹட்டனில் பிரிண்ட் போட்டு லெமினேட் செய்ய ஒன்றுக்கு இருநூற்றைம்பது ரூபா. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு இருபத்தெட்டாயிரம். அதைச் சேர் தன் கடைசி உதவித்தொகையிலிருந்து கொடுத்தார். எங்கள் வீட்டுச் சுவருக்கு இன்னுமொரு படம் இருந்தது. அதற்கு அவரைப் பணம் கொடுக்க நான் விடவில்லை. மொத்தம் இருபத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது.